குழாயடியில் நின்ற இருவர்

சனிக்கிழமை காலை அந்த ஏழாம் மாடி வீட்டில் இருந்தவர்கள் நால்வர்: வீட்டுக்காரரான பரமேஸ்வரி அன்ரி, அவருடைய மகள் துஷி, அதே கட்டடத்தில் மூன்று மாடி கீழே குடியிருக்கும் செல்வராசா அங்கிள், ஒலிப்பதிவுக் கருவியோடு நான். இல்லாதவர் ஒருவர்: அன்ரியின் கணவர் குணரத்தினம். அவர் எடுத்து வைத்த படங்களைத் தேடித்தான் அபுதாபியிலிருந்து பதினான்கு மணி நேரம் பறந்து டொராண்டோ வந்திருந்தேன். அவர் காலமாகி மூன்று ஆண்டுகள்.

அபுதாபியில் எனக்கு ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை. விடுமுறை நாட்களில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, அந்த நகரம் பெரும்பாலும் மணலாக இருந்த காலத்துப் படங்களையும், அன்று அங்கே உழைத்தவர்களின் பேச்சையும் சேகரிக்கிறோம். கோட்டைக்குப் படம் இருக்கிறது. எண்ணெய்க் கிணற்றுக்குப் படம் இருக்கிறது. தொழிலாளர் தங்கிய பலகை அறைகளுக்குத்தான் கிடைப்பதில்லை. என் அப்பா அதே ஊரில் பத்தொன்பது வருடம் கொத்தனாராக இருந்தார். கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அவர் அங்கே நின்றதற்கு ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. அவருக்கு முன்னால் வந்து நின்ற யாருடைய படமாவது கிடைத்தால் போதும் என்ற நினைப்பில் கிளம்பியிருந்தேன்.

காலை 9.20. டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில், அஜின்கோர்ட்டில் நான் தங்கியிருந்த பேஸ்மென்ட் அறைக்கு நாளொன்றுக்கு 55 டாலர். படியேறும்போது அந்த வீட்டுக்காரர் மறித்தார்.

"அபுதாபியின்ர சரித்திரத்தைத் தேடி ஸ்காபரோவுக்கோ? தம்பி, உமக்கு ஆரோ பிழையான விலாசம் தந்திட்டினம்."

பேருந்துக் கட்டணம் 3 டாலர் 30 சதம். வார்டன் சாலையில் மேப்பிள் இலைகள் பாதி மரத்திலும் பாதி நடைபாதையிலுமாகக் கிடந்தன. அன்ரியின் கட்டடம் இருந்த வெக்ஸ்போர்ட்டில் இறங்கியபோது மணி பத்து கடந்திருந்தது. காற்று காதைக் கிள்ளியது.

10.30. தேநீரும் மீன் ரோல்ஸும் வந்தன. செல்வராசா அங்கிளுக்கு எழுபத்தெட்டு வயது. அந்தக் காலத்து அபுதாபியில் வெல்டராக இருந்தவர். குணரத்தினம் குழாய் பொருத்துபவர். இருவருக்கும் ஒரே அறை. கருவியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"தண்ணி லொறியிலைதான் வரும். மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையிலை நிக்கவேணும். லொறி வராட்டி அண்டைக்குக் குளிப்பில்லை. குளிப்பில்லை எண்டால் குணத்துக்குப் பக்கத்திலை படுக்கேலாது!"

"செல்வண்ணை, ரெக்கோட் பண்ணுது உது," என்றார் அன்ரி.

"பண்ணட்டும். உண்மைதானே." அவர் தொடர்ந்தார். "பிறகு ஒருநாள் எங்கட லைனுக்குக் குழாய் வந்தது. நாற்பது அறைக்கு ஒரு குழாய். பூட்டினது குணம். அண்டைக்கு அவன்ர கமராவைச் சமையல்காரன்ர கையிலை குடுத்து, நானும் அவனும் குழாயடியிலை நிண்டு ஒரு படம் எடுத்தனாங்கள்."

என் பேனா நின்றுவிட்டது. "அந்தப் படம் இருக்குங்களா?"

"பரமேஸிட்டைக் கேளும்."

அன்ரி உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தோடு வந்தார். மேலாக இருந்த படத்தை எடுத்து மேசையில் வைத்தார். பலகை அறைகளின் நீண்ட வரிசை. கொடியில் லுங்கிகள். அதற்கப்பால் மணல், மணலுக்கப்பால் எதுவுமில்லை. இடப்பக்கம் ஒல்லியான இளைஞன், சுருட்டை முடி, செல்வராசா அங்கிள். காலடியில் ஒரு வாளி. வலப்பக்கம் ஆள் உயரத்துக்கு ஓர் ஓட்டை. ஓட்டை வழியே மேசைவிரிப்பின் பூக்கள் தெரிந்தன.

தகரத்தில் இருந்த பதினொரு படங்களிலும் அதே ஓட்டை.

"அவர் போன பிறகு மாட்டுறதுக்குத் தனிப்படம் ஒண்டும் இல்லை," என்றார் அன்ரி. "எல்லாத்திலையும் ஆரோ பக்கத்திலை நிக்கினம். உயிரோட இருக்கிறவையை மாலை போட்ட படத்திலை வைக்கக்கூடாது. அதுதான் அவரை மட்டும் வெட்டி எடுத்தன். மிச்சத்தை எறியவும் மனம் வரேல்லை. உயிரோட இருக்கிற ஆக்களின்ர படத்தைக் குப்பையிலை போடலாமோ?"

"கத்தரிக்கோல் வைக்க முதல் என்னை ஒரு வார்த்தை கேட்டனீயே?"

"உங்களை வெட்டேல்லைத்தானே, சந்தோசப்படுங்கோ."

சுவரில் அந்தச் சட்டகம் இருந்தது. நீல அட்டையில் பதினொரு குணரத்தினங்கள் ஒட்டப்பட்டிருந்தார்கள். சிரித்தபடி, குந்தியபடி, சைக்கிளில்லாமல் சைக்கிள் ஓட்டியபடி. நடுவில் இருந்தவர் கையில் ஒரு முனை வளைந்த கழியைப் பிடித்திருந்தார்.

"என்ர மகன் அதை ஹொக்கி ஸ்டிக் எண்டுதான் சொல்லுறவன்," என்றார் துஷி. "அம்மப்பா ஹொக்கி விளையாடினவர் எண்டு கிளாசிலை கூடச் சொல்லியிருக்கிறான்."

சட்டகத்தைக் கழற்றித் தரமுடியுமா என்று கேட்டேன். கேட்ட விதம் அவசரமாக இருந்திருக்க வேண்டும். அன்ரியின் முகம் மூடிக்கொண்டது.

"இல்லைத் தம்பி. மூண்டு வருசமாய் அதை நான் கழட்டேல்லை. கிழிஞ்சால் எனக்கு வேறை இல்லை. உங்களுக்கு ஊர்ப்படம் வேணும், கொண்டுபோங்கோ. அவரை விடுங்கோ."

அவர் சொன்னது நியாயம். பதினோராயிரம் கிலோமீட்டர் வந்ததற்கு ஓட்டை விழுந்த ஒரு நகரமாவது கிடைத்ததே என்று படங்களை உறையில் போடத் தொடங்கினேன். செல்வராசா அங்கிள் மட்டும் எழுந்து சுவரருகே போய், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்றார்.

"ஹொக்கித் தடியாம்! பரமேஸ், இவன் என்ன பிடிச்சுக்கொண்டு நிக்கிறான் எண்டு உனக்கும் தெரியாதே?"

"ஏதோ கம்பி எண்டு நினைச்சன். அவர் அந்த ஊரைப்பற்றி என்னோட என்ன கதைச்சவர்?"

"அதுதானடி குழாய்! அவன் பூட்டின குழாய். வாளி என்ர காலடியிலை கிடக்கு, குழாய் உன்ர சுவரிலை தொங்குது."

அன்ரி உறையிலிருந்து படத்தை வாங்கினார். வாளியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு அடுக்களைக்குப் போய் ஒரு திருப்புளியோடு திரும்பினார்.

"மூண்டு வருசமாய் மாலை போடுறன். ஆள் என்ன செய்துகொண்டு நிக்கிறார் எண்டு தெரியாமல். துஷி, பிடி உந்தப் பக்கத்தை."

12.10. சட்டகம் திறந்தது. நல்ல வேளை, அட்டையில் ஒட்டியிருந்தது இரட்டைப் பக்க டேப்தான். அன்ரி நகத்தால் மெல்ல மெல்லக் கிளப்பினார். வெட்டிய உருவத்தை ஓட்டைக்குள் அவரே வைத்தார். கொஞ்சம் நகர்த்த, சரியாக அமர்ந்தது.

குழாயின் வாய்க்கு நேர் கீழே வாளி. வாளிக்கு மேலே, கத்தரிக்கோல் போன கோட்டின் இருபுறமும், வெள்ளையாக ஓர் ஒழுக்கு. தண்ணீர்.

"ஓம்," என்றார் செல்வராசா அங்கிள். "வந்தது. உப்புத் தண்ணி. ஆனால் வந்தது." அதற்கு மேல் பேச அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. என் கருவியில் அந்த மௌனமும் இருக்கிறது. அதை வெட்டவில்லை.

மற்றப் பத்துப் படங்களையும் அப்படியே பொருத்தி நகலெடுத்தேன். வெட்டுக் கோட்டைக் கணினியில் அழித்துவிடலாம் என்றார் துஷி. அன்ரி வேண்டாமென்றார். "நான் வெட்டினது தெரியட்டும். அதுவும் நடந்ததுதானே."

நடு உருவத்தை மட்டும் அவர் நீல அட்டைக்குத் திருப்பவில்லை. முழுப்படமாகத் தனியே மாட்ட விரும்பினார். ஆனால் உயிரோடு இருக்கும் செல்வண்ணையை எப்படி மாட்டுவது? அரை மணி நேரம் இதிலேயே போயிற்று. கடைசியில் சம்பந்தப்பட்டவரே தீர்ப்பளித்தார்.

"மாட்டு. மாலையை அவன்ர பக்கம் மட்டும் போடு. எனக்கு இப்ப அவசரமில்லை."

பிற்பகல் 3.00. அன்ரி, அங்கிள், நான் மூவரும் லோரன்ஸ் சாலையில் ஒரு பிளாசாவில் இருந்த சட்டகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் அச்செடுக்கும்வரை வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். அந்தப் பலகை அறைகள் இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. நான் தினமும் அவற்றைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். என் அப்பா எந்தச் சுவரைக் கட்டினார் என்று அவரிடம் இதுவரை கேட்டதில்லை. அன்று கடை வாசலிலிருந்தே கேட்டிருப்பேன். ராமநாதபுரத்தில் அது நள்ளிரவு கடந்த நேரம், தூங்கியிருப்பார். காலையில் கேட்கவேண்டும்.

சட்டகமும் அச்சும் சேர்த்து 57 டாலர், வரி 7 டாலர் 41 சதம். நான் பணப்பையை எடுக்க, அன்ரி என் கையைத் தட்டிவிட்டார். செல்வராசா அங்கிள் அவரையும் விலக்கினார்.

"படத்திலை பாதி நான். பாதிக் காசு என்ர."

ஒரு சத நாணயம் அங்கே புழக்கத்தில் இல்லை; காசாகக் கொடுத்ததால் அந்த ஒரு சதம் தள்ளுபடி. அறுபத்துநான்கு டாலர் நாற்பது சதம். ஆளுக்கு முப்பத்திரண்டு டாலர் இருபது சதம்.