பலாமரத்தடியில் ஒரு கிருமி

மண்ணைத் தோண்டி, அதிலிருக்கிற கிருமிக்குக் குலம் கோத்திரம் பார்ப்பது என் தொழில். "இதுக்கா இவ்வளவு படிச்சே?" என்று வீட்டிலும் ரோட்டிலும் பேச்சு வாங்கிய என் ஆராய்ச்சி இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மலைக்கு ஒரு துண்டு

இலங்கை மலையகத்தில், நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் பலாமரத்தடியில் குந்தி மண் எடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு, எங்கள் பக்கம் யார் மண்ணைத் தொட்டாலும் சனம் பயந்து ஓடி வரும். நானும் லயத்தில் பிறந்தவள், எனக்கும் அது தெரியும். "மண்சரிவு பார்க்க வரலீங்க. மண்ணுக்குள்ள சில கிருமி மருந்து சுரக்கும், புண்ணுல சீழ் வைக்கிற கிருமியக் கொல்லும். அதத்தான் தேடுறேன்" என்று விளக்கினேன். கொழுந்துக் கூடையோடு நின்ற ராஜேஸ்வரி அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் சரிங்க மிஸ். வந்ததும் வந்தீங்க, மலை சரியாதுன்னு ஒரு துண்டுல எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

கலந்தடித்த மரபணு

பதுளை லேப்பில் அந்த மண்ணிலிருந்து மாவு தூவினாற்போல வெள்ளையாய் ஒரு கிருமி முளைத்தது. அதன் பக்கத்தில் சீழ்க்கிருமி ஒன்றும் அண்டவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை! அது புது இனமா, பழசா என்று தீர்த்தால்தான் எனக்குப் பட்டம். அதற்கு அதன் மரபணுவை முழுசாக வாசித்து, தெரிந்த இனங்களோடு ஒப்பிட வேண்டும். அவசரப் புத்தி, சுத்தமாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்க்காமலே அனுப்பிவிட்டேன்.

இரண்டு கிருமிகளின் மரபணு கலந்து வந்தது. திரும்பப் பிரிக்கப் போனால், ஒட்டிக்கொண்டு வந்தது செழித்திருந்தது, என்னுடையது செத்திருந்தது. மிச்ச மண்ணையும் லேப் வழக்கப்படி அவித்துக் கொட்டியாயிற்று. அழுதேவிட்டேன். லேப்பைப் பார்த்துக்கொள்ளும் பாரூக் நானா அறிக்கையை வாசித்துத் தலையாட்டினார்:

"ஒரு ஐடென்டிட்டி காட்ல ரெண்டு பேர்ட போட்டோவ ஒட்டினா எந்த ஆபீஸ்ல பதிவாங்க தங்கச்சி?"

குழி

மறுபடி தோட்டத்துக்கு ஓடினேன். பலாமரத்தடியில் முழங்கால் ஆழத்துக்குக் குழிதான் இருந்தது, என் கிருமி இருந்த மேல்மண் ஒரு பிடியும் மிஞ்சவில்லை. மருந்து சுரக்கிற மண் என்று நான் சொல்லி வைத்தேன் இல்லையா? அட்டைக்கடிக்கும் சேற்றுப்புண்ணுக்கும் அள்ளிப் பூசித் தீர்த்துவிட்டார்கள்! மண்ணில் டெட்டனஸ் கிருமியும் இருக்குமே! சத்தம் போட்டுக் காலைக் கழுவ வைத்து, புண் இருந்த ஆறு பேரையும் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போய் அதற்கான ஏற்பு ஊசி போடவைத்தேன். முருகா, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ராஜேஸ்வரி அக்கா மட்டும் தன் பங்கு மண்ணைப் பூசாமல், ஜேம் போத்தலில் போட்டு அடுப்படிப் பலகையில் வைத்திருந்தார். காய்ந்து பொடியாய்க் கிடந்தது. மண் காய்ந்தால் மற்றக் கிருமிகள் பெரும்பாலும் செத்துப்போகும், என் கிருமியின் சாதி மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அக்காவைக் கட்டிக்கொண்டேன். ஏன் பூசவில்லை என்று கேட்டேன்.

"நீங்களே கையில உறை போட்டுத்தான் அந்த மண்ணத் தொட்டீங்க மிஸ், நான் எப்பிடிங்க புண்ணுல பூசுறது?"

பதிவு

போத்தல் மண்ணில் வெள்ளைக் கிருமி திரும்ப முளைத்தது. மூன்று தரம் பிரித்து, நாலாம் தரமும் பார்த்துத்தான் அனுப்பினேன். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஒத்துப்போனால் பழைய இனம் என்பது கணக்கு. இதற்கு மிக நெருங்கிய உறவுகூட அதை எட்டவில்லை. புது இனம்! பாரூக் நானா லேப் முழுக்கத் தொதல் இனிப்புக் கொடுத்தார்.

கிருமியைப் பதிந்த தாளை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாம் லயத்துக்குப் பின்னால், என்ன மரத்தடி என்று கிருமி கிடைத்த இடம் முழுசாக எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினேன். அக்கா வாய்நிறையச் சிரித்தார்:

"நல்லா இருக்கட்டும் மிஸ். நாங்க நாலு தலமொறையா இங்கதான் இருக்கோம், எங்க வீட்டுக்கு இன்னும் ஒரு நம்பர் இல்ல, கடுதாசி தோட்டத்து ஆபீசுக்குத்தாங்க வருது."

எனக்குப் பட்டம் கிடைத்தது, மனசு நிறையச் சந்தோஷம்தான். ஆனால் இவ்வளவு படித்தும் கிருமியை விலாசத்தோடு பதியத்தான் எனக்குத் தெரிகிறது, அக்காவைப் பதியத் தெரியவில்லை.