எடை பத்தாத ஆல்பின்

ஆல்பின் ரைஷ்ல் கசாப்புக் கடைக்காரர் மகன். அந்த வீட்டுப் பிள்ளை ஸ்கீ தாண்டப் போனதே ஊருக்குத் தமாஷ். காலில் நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு, பனிமலைக் கோபுரத்து உச்சியிலிருந்து சறுக்கி வந்து அந்தரத்தில் பறக்கிற விளையாட்டு அது. உடம்பு இலவம் பஞ்சாக இருக்கணும். கீழே கடையில் சாசேஜ் சரம் சரமாகத் தொங்கும். மாடியில் மகன் வேகவைத்த கேரட்டோடு மல்லுக்கட்டுவான்.

"அவன் பங்கையும் சேத்து நான்தான் திங்கறேன். யாராச்சும் ஒருத்தர் தரையில நிக்கணும்ல?" என்று அப்பா செவரின் தன் தொப்பையைத் தட்டிக் காட்டுவார்.

இருபது வயதில் ஆல்பின் ஆஸ்திரியாவின் சாம்பியன். பள்ளிக்கூடச் சுவரில்கூட அவன் படம். அப்புறம் முழங்கால் போனது. அது தேறி வருவதற்குள் மீசை முளைக்காத பையன்கள் அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள். முப்பத்து நாலு வயதில் ஒலிம்பிக் அணியில் ஒரே இடம் மிச்சம். சொந்த ஊர் மலையில் நடக்கிற போட்டியில் ஜெயித்தால் அது அவனுக்கு. தோற்றால் அதோடு சரி, வீட்டில் உட்கார வேண்டியதுதான். கோச் கேரோல்ட் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

போட்டிக்கு முந்தின நாள் தின்ற மீன் ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தியும் பேதியும் ஆளைப் பிழிந்துவிட்டது. காலையில் கன்னம் ஒட்டிப்போன முகத்தைக் கண்ணாடியில் பார்த்து ஆல்பின் சந்தோஷப்பட்டான். கோச்சுக்கு அதைவிடச் சந்தோஷம்.

"டேய், காத்தாடி மாதிரி இருக்கியேடா! இன்னிக்கு உன்னைக் கீழ இறக்க ஏணிதான் வைக்கணும்."

"காலு நடுங்குது கோச்."

"நடுங்கட்டும். குளிருன்னு சொல்லிக்கலாம்."

பட்டினி கிடந்து பையன்கள் எலும்பும் தோலுமாகிறார்கள் என்றுதான் இந்த விளையாட்டில் எடைச் சட்டமே வந்தது. எடை குறைந்தால் ஸ்கீயும் குட்டையாக இருக்கணும்; குட்டை ஸ்கீ அவ்வளவு தூரம் தூக்காது. எடைக்கு மீறிய நீளத்தில் மாட்டிக்கொண்டு தாண்டினால் அந்தத் தாண்டல் செல்லாது. இது ரெண்டு பேருக்கும் மனப்பாடம். ஆனால் எடை குறைந்ததைக் கொண்டாடியே பழகிய ஆட்கள். எடை மெஷினில் ஏறிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு அவன் தாண்டின தாண்டலை ஊர் பார்த்தது. காற்று அவனைக் கீழே விடவே மனசில்லாமல் தூக்கிக்கொண்டு போனது. எல்லாரையும் விட அதிக தூரம். ஜனம் அவன் பேரைச் சொல்லிப் பாட ஆரம்பித்துவிட்டது.

முன்னால் வந்தவர்களை எடை போட்டுச் சோதிக்கிற அறையில் எர்னா அக்காதான் அதிகாரி. பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரி, ஆல்பினைச் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

"ஏறுப்பா ராசா." எடையைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "இறங்கி இன்னொரு தடவை ஏறு."

"மெஷின் சரியா இருக்காக்கா?"

"இப்பத்தான் நார்வேக்காரன் ஏறிட்டுப் போனான். சரியாத்தான் காட்டுச்சு."

"பூட்ஸு, உடுப்பு எல்லாம் சேத்துத்தானே?"

"சேத்தும் உன் ஸ்கீ நீளத்துக்கு முன்னூறு கிராம் குறையுதுப்பா."

"ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு ஏறட்டா?"

"உள்ள வந்தப்புறம் குடிக்கக் கூடாது. நீ தெரியாதவனா?"

கோச் சுவரில் சாய்ந்தார். "குட்டை ஸ்கீ ஜோடி வண்டியிலதான்டா கெடக்கு," என்றார்.

கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார், கையில் ஷ்னாப்ஸ் சாராயக் குப்பியோடு. "என்னடா இங்க நிக்கற? வெளிய ஊரே காத்துக்கிட்டிருக்கு!"

"நான் தாண்டினது செல்லாதாம்ப்பா."

"செல்லாதா? எல்லாரும் பாத்தாங்களேடா!"

"எடை பத்தலைப்பா."

அப்பா எர்னாவைப் பார்த்தார். "ஏம்மா, நீயாச்சும் சொல்லேன்."

அவள் செல்லாது என்று எழுதின தாளில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள். ஒலிபெருக்கி கரகரத்தது. முன்வரிசையில் பாட்டு நின்றது. மலையடிவாரத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை போல. அவர்கள் ஆல்பின், ஆல்பின் என்று இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ரெண்டாவதாக வந்த பையன் உள்ளே வந்து தயங்கி நின்றான்.

"கொஞ்சம் தள்ளிக்கப்பா," என்றாள் எர்னா அக்கா, மெதுவாக. "அவன் ஏறணும்."

ஆல்பின் தள்ளி நின்றான்.