விஜயலக்ஷ்மி தேய்த்த வானவில் கல்

வலியசாலை அக்ரஹாரத்தில் விஜயலக்ஷ்மியின் கைக்குத் தப்பிய சாமான் கிடையாது. வெள்ளிக்கிழமை வந்தால் குத்துவிளக்கிலிருந்து வாசல் தாழ்ப்பாள்வரை புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துவிடுவாள். தொண்ணூற்றெட்டில் அவள் கணவர் ஸ்ரீனிவாசன் கோவளத்தில் ஒரு கல் வாங்கி வந்தார். நீலமும் ஊதாவும் பொன்னுமாக வானவில் மினுங்கும் படிகம். ஒன்பது கிரகமும் இதில் அடக்கம், யாரும் தொடக்கூடாது என்று சொல்லிப் பூஜையில் வைத்தார். ஏழரைச் சனி பயத்தில் ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்த மனுஷர், அன்று முதல் குறட்டை விட்டுத் தூங்கினார். அதைக் கேட்க அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்!

ஆனால் கை சும்மா இருக்குமா? யார் யாரோ தொட்ட கடைச் சரக்கு, விழுப்பு அல்லவா! வெள்ளிக்கிழமை அவர் ஆபீஸ் போனதும் அதையும் தேய்த்தாள். ஒரு விளிம்பில் நிறம் போய்க் கண்ணாடியாக வெளுத்தது. கல்லைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். எதிர்வீட்டு கௌசிக்கைக் கூப்பிட்டாள். காலேஜில் பாறைகளைப் பற்றிப் படிக்கிறவன்.

அவன் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கல்லு ஒறிஜினல் படிகம்தான் மாமி. நிறம் மட்டும் மேக்கப்பாக்கும். காத்தில்லாத அடுப்பில டைட்டானியத்தை ஆவியாக்கிப் பூசறது. ரோட்டில மழைத் தண்ணி மேல எண்ணெய் மினுங்குமே, அதே மாதிரி. உள்ளே நிறமே கெடையாது, கண்டோ?"

"மாமா வந்தா என்னடா சொல்லுவேன்? மறுபடி தூக்கம் போயிடுமே!"

"பாதி போனாத்தானே கேப்பார்? முழுக்கப் போக்கிடுங்கோ!" என்று அந்தப் போக்கிரி நழுவிவிட்டான்.

வேறு வழி? மத்தியானம் முழுக்கத் தேய்த்தாள். நுனிக்குக் கீழே ஓர் இடுக்கில் மட்டும் நீலக் கீற்று ஒன்று, என்ன செய்தும் போகவில்லை.

சாயங்காலம் பூஜை அறைக்குள் போன ஸ்ரீனிவாசன் அப்படியே நின்றுவிட்டார். உண்மையைச் சொல்லிவிடத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"விஜயம்! என் ஜபத்தில நிறமெல்லாம் ஒடுங்கிடுத்து. விஷம் மட்டும் கழுத்தில நிக்கறது பாரு. நீலகண்டன்டீ!"

அவர் கண்ணில் நீர் முட்டியது. அவள் சட்டென்று குப்புற விழுந்து நமஸ்காரம் பண்ணினாள். சிரிப்பை மறைக்க அது ஒன்றுதான் வழி.

மறுநாள் அவர் கோவளம் போய், அதைவிடப் பெரிய வானவில் கற்களாக இரண்டு வாங்கி வந்தார். "இதுகளும் என் ஜபத்தில தெளியட்டும்" என்று பூஜையில் வைத்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை தரிசனத்துக்குத் தெருவையே அழைத்துவிட்டார்.