ஜோடி அக்காவின் கணக்கு

பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற அக்காவுக்கு எண்ணத் தெரியாது. அட, நூறு வரை சொல்லச் சொன்னால் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிடுவாள், அது வேறு. எதிரே பிள்ளைகளை நிறுத்தி எண்ணச் சொன்னால்தான் வம்பு. வாய் ஒரு பக்கம் ஓடும், விரல் இன்னொரு பக்கம் நிற்கும். ஒரு தலைக்கு இரண்டு எண் விழும், அடுத்த தலை விட்டுப்போகும். எத்தனை தடவை எண்ணினாலும் அத்தனை விடை. ஒன்றாம் வகுப்பில் அவளுக்கு எண்களைப் பாட்டாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பொருளைத் தொட்டு ஒரு எண்ணைச் சொல்ல யாரும் பழக்கவில்லை. அப்புறம் கேட்க வெட்கம். வெட்கம் பொல்லாதது, வயதோடு சேர்ந்து அதுவும் வளரும்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு வழி கண்டுபிடித்தாள். "ஜோடி சேருங்க, கையப் பிடிங்க!" என்று கத்தி, இரண்டிரண்டு பேராக ஏற்றுவாள். தனியாக ஒரு பிள்ளை நின்றால் யாரையோ காணோம் என்று அர்த்தம். காலையிலேயே ஒற்றைப்படையாக வந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு இவளே ஜோடி. ஒருமுறை ஒரு சிறுமி தனியே நிற்க, இவள் ஓடிப்போய்க் கழிப்பறைக்குள் தாழ்ப்பாள் திறக்கத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தவளை மீட்டு வந்தாள். தலைமையாசிரியை எல்லோர் முன்னாலும் கைதட்டினார். 'ஜோடி அக்கா' என்ற பெயர் அன்றுதான் ஒட்டியது.

ஒருவர் காணாமல் போனால் ஜோடி காட்டிக்கொடுத்துவிடும். ஜோடியே காணாமல் போனால்? இதை அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்திருக்க வேண்டும், பாவி.

அன்று ஒன்றாம் வகுப்பை ஐஸ்கிரீம் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார்கள். டீச்சர் பாதிப் பிள்ளைகளோடு முன் வேனில் கிளம்பிவிட்டார். மீதிப் பேர் அக்காவின் பொறுப்பு. எல்லோருக்கும் ஜோடி இருந்தது. கடைசியாகக் குளிர் அறை. கனத்த இரும்புக் கதவு. உள்ளே பிள்ளைகளின் வாயிலிருந்து புகை, ஒரே கூச்சல். சுவரில் படிந்திருந்த பனியை நகத்தால் சுரண்டிப் பார்க்க இரண்டு சிறுமிகள் பெட்டி அடுக்குக்குப் பின்னால் போனதை யாரும் கவனிக்கவில்லை. மற்றவர்கள் வெளியே வந்ததும் மேற்பார்வையாளர் கதவில் கைவைத்தார்.

"எல்லாரும் வந்தாச்சாம்மா?"

"ஜோடி சரியா இருக்கு சார்."

கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து திறக்கவும் ஒரு பிடி உண்டுதான். அது பெரியவர்களின் தோள் உயரத்தில் இருந்தது.

அவர் ஒரு பெட்டியை நீட்டினார். "பிள்ளைங்களுக்கு. ஆளுக்கு ஒரு கப். வழியில குடுங்க."

வேன் நகர்ந்ததும் அக்கா கொடுத்துக்கொண்டே போனாள். கடைசி இருக்கை வரை கொடுத்தாயிற்று. எல்லார் கையிலும் கப் இருந்தது. பெட்டியில் இரண்டு மிச்சம்.

"பாத்தீங்களா அக்கா, நமக்கும் சேத்து வச்சிருக்காங்க!" டிரைவர் சிக்னலில் கைநீட்டி ஒன்றை எடுத்துக்கொண்டார்.

மற்றதைக் கையில் எடுத்த அக்கா அதைத் திறக்கவில்லை. திரும்பிப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள். வேறு எண் வந்தது. டிரைவர் தம்பியை எண்ணச் சொல்லலாம். சொன்னால் இத்தனை வருஷமாகப் பூசி மெழுகியது எல்லாம் வெளியே வந்துவிடும், வேலையும் போகும். 'தம்பி சொல்றதுதான் சரியா இருக்கும். சும்மா பயப்படாதே' என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பாலம் போயிற்று. கடைத்தெரு போயிற்று. இரண்டு பச்சைப் பிள்ளைகள் அங்கே விறைத்துக்கொண்டிருக்க, இவள் இங்கே மானத்தை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்! மிச்சமிருந்த கப் உருகி விரலில் வழிந்தபோதுதான் தாங்க முடியாமல் போயிற்று.

"தம்பி, வண்டிய நிறுத்து! பிள்ளைங்கள எண்ணு!"

"ஏன், நீங்க எண்ணலையா?"

"எனக்கு எண்ணத் தெரியாதுப்பா. என்னைக்குமே தெரியாது. எண்ணு, உன்னக் கும்பிடுறேன்!"

டிரைவர் முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எழுந்து வந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். இன்னொரு தடவையும் எண்ணினார்.

"ரெண்டு குறையுதுக்கா."

வந்த வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பினார்கள். தொழிற்சாலையில் வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். டிரைவரும் அவளும் சேர்ந்து கதவை இழுத்தார்கள்.

உயிர் இருந்தது. இரண்டு பேரும் கதவுக்குப் பக்கத்திலேயே சுருண்டு கிடந்தார்கள், உதடு நீலம் பாரித்து. டிரைவர் சின்னவளைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடினார். பெரியவளை அக்கா மார்போடு அணைத்து முந்தானையால் சுற்றினாள். அந்தப் பிள்ளைக்குப் பல் கிட்டி, பேச்சே துண்டு துண்டாகத்தான் வந்தது.

"அவ ரொம்ப அழுதாக்கா. நான்தான் சொன்னேன், அழாதடி, நம்ம அக்கா எண்ணிப் பாப்பாங்க, உடனே வந்துடுவாங்கன்னு."

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டாள்.

"ஏன்க்கா இவ்ளோ நேரமாச்சு?"