பரிசு என்று எழுதிய பாதி வீடு

நியூ ஜெர்சிக்கு வந்த ஆறு வருடத்தில் நான்கு வாடகை வீடுகள். அட்டைப்பெட்டி வாசனை எங்கள் துணிகளிலேயே தங்கிவிட்டது. எடிசன் ஊரில் ஒரு வீடு பிடித்தது. முன்பணம்தான் இல்லை. கணவரின் டாக்டர் நண்பர், "டவுன் பேமென்ட் நான் போடறேன், மாசாமாசம் நீங்க கட்டுங்க, வீடு பாதிப் பாதி" என்றார். எழுதிக்கொள்ளலாமா என்றேன். "நமக்குள்ள எதுக்கும்மா பேப்பர்?" என்று சிரித்தார். நானும் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

முன்பணம் உங்களுடையது இல்லையே என்று மூன்று வங்கிகள் கைவிரித்தன. நான்காவது வங்கியில், அந்தப் பணம் திருப்பித் தர வேண்டாத பரிசு என்று அவர் எழுதித் தந்தால் கடன் உண்டு என்றார்கள். சலித்துப்போய் நானே கடிதத்தை டைப் அடித்து அவரிடம் நீட்டினேன். அவர் படிக்காமலே பேனாவைத் திறந்தார். அவர் மனைவி மாலதி வாங்கிப் படித்தாள்.

"பரிசா? அப்ப எங்க பாதி எங்கடி இருக்கு, கிச்சன்லயா, கராஜ்லயா?"

எனக்கு முகம் எரிந்தது. வங்கிக்குப் பொய், நண்பருக்கு நஷ்டம். இரண்டையும் ஒரே தாளில் அடித்திருந்தேன்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அந்த வீடு கைநழுவியது. பனி உருகியதும் நாங்கள் நான்கு பேரும் வக்கீல் முன்னால் உட்கார்ந்து பங்கை எழுதி, அதை ஏற்ற வங்கியில் கடன் வாங்கி, வேறு வீடு வாங்கினோம். இப்போது யாராவது "நமக்குள்ள எதுக்குப் பேப்பர்?" என்றால், பேப்பரை மேஜையில் வைத்துவிட்டுத்தான் காபி போடப் போகிறேன்.