இடம் மேலே, வலம் கீழே

ஹமாதோரித் தெருவில் கினுகோவைத் தெரியாதவர்கள் இல்லை. பள்ளிச் சமையல்கூடத்தில் வேலை. ஆகஸ்ட் மாதம், முன்னோர்கள் வீடு திரும்பும் ‘போன்’ பண்டிகை நாட்களில், துறைமுகத் திடலில் முரசு மேடையைச் சுற்றி நடக்கும் ஆட்டத்தில் உள் வட்டக்காரி. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த கோடையில் அந்த வட்டத்துக்குள் நுழைந்தவள், இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே வெளியே நின்றிருக்கிறாள்.

போன குளிர்காலத்தில் மீன் சந்தைப் படியில் பனி வழுக்கி இடது தோள்பட்டை முறிந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது. கை முன்பக்கமாக நெற்றி வரை எழும்பும். அந்த ஊர் ஆட்டத்துக்கு அது போதும். முதுகுக்குப் பின்னால் மட்டும் போகாது. உள் வட்டத்தில் ஆடுகிறவர்கள் தெருத் துணி உடுத்த வேண்டும்: வெள்ளைப் பருத்தியில் நீல அலைகள், அலைமேல் உப்புக்கொத்திக் குருவிகள். அதில் தைத்த யுகாதா அங்கியைச் சுற்றி, இடைக்கச்சையை முதுகுப்பக்கம் முடிய வேண்டும்.

ஆட்டக் குழுவின் தலைவி, சோயா சாஸ் கடை யசுயோ, பெரிய மனசோடுதான் சொன்னாள்.

“இதுக்கு ஏன் கவலைப்படுறீங்க, கினுகோ சான்? நாங்க கட்டி விடுறோம். பொம்மை மாதிரி சும்மா நில்லுங்க, போதும்.”

“பொறந்த குழந்தைக்கும் பொணத்துக்கும்தான் அடுத்தவங்க உடுத்தி விடணும். நான் ரெண்டும் இல்லையே.”

“அப்ப வெளி வட்டத்துல ஆடுங்க. அங்க கால்சட்டையோட வந்தாக்கூட யாரும் கேக்க மாட்டாங்க.”

வெளி வட்டம் என்றால் விடுமுறைக்கு வந்தவர்கள், குழந்தைகள், பீர் குடித்துவிட்டு எதிர்ப்பக்கம் சுற்றும் ஆண்கள். அங்கே போன எவரும் உள்ளே திரும்பியதாகத் தெருவில் பேச்சில்லை.

“தெருத் துணி உடுத்தணும்கிறதுதானே வழக்கம்? யுகாதாவாத்தான் இருக்கணும்னு யாரு சொன்னா?” என்றாள் கினுகோ.

“துணின்னா யுகாதா. பின்ன என்ன, சன்னல் திரையா?”

“ஒத்திகைக்கு வர்றேன். பாத்துட்டுச் சொல்லுங்க.”

கினுகோவின் யுகாதா உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கம் நைந்திருந்தது. முன்பக்கம் பட்டன் வைத்த கவுன் ஒன்று தைக்க அது மட்டும் போதாது. பெட்டியிலிருந்து கணவன் ஷோஜியின் யுகாதாவையும் எடுத்தாள்.

“என்னோடதையும் பிரிக்கப் போறியா?” என்றார் ஷோஜி.

“நீங்க இதுக்குள்ள போயி எத்தனை வருஷமாச்சு? உங்க தொப்பையில பாதியைக்கூட இது சுத்தாது.”

“மீதிப் பாதிய உன்னோடத வச்சுச் சுத்தலாம்னு இருந்தேன்.”

யுகாதாவைப் பிரிப்பது சுலபம். வளைத்து வெட்டிய துண்டு அதில் ஒன்றுகூடக் கிடையாது. தையலை எடுத்தால் ஒன்றரைச் சாண் அகலத்தில் நேர்நேரான பட்டைகளாக வந்துவிடும். துவைத்து, மூங்கில் கழியில் காயப்போட்டு, இஸ்திரி போட்டாள். நிறம் வெளுத்த பட்டைகளை அக்குளுக்குக் கீழே மறைத்தாள். நிறம் நின்ற பட்டைகளை முன்னுக்கு வைத்தாள். கையைத் தூக்காமலே நுழைக்கும்படி கைவழியை அகலமாக விட்டாள். பழைய துணி நூல் நூலாகப் பிரியும் என்பதால் ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு முறை தைத்து, வெட்டு விளிம்பை மடிப்புக்குள்ளேயே புதைத்தாள். முன்பக்கம் கழுத்திலிருந்து விளிம்பு வரை திறப்பு. பெண்கள் பத்திரிகை ஒன்றின் இணைப்பாக வந்த கோடை கவுன் படத்தைப் பார்த்து, காஜா எடுத்து, ஷோஜியின் பழைய சட்டைகளில் இருந்த சிப்பிப் பட்டன்களை வைத்தாள்.

ஒத்திகைக்குப் போனபோது பெண்கள் சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். யசுயோ மட்டும் தொடவில்லை. சற்றுத் தள்ளி நின்று மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“யாரு செத்தது?” என்றாள்.

எல்லோருடைய கண்ணும் கினுகோவின் மார்புக்குப் போனது. வலப்பக்கத் துணி மேலேயும் இடப்பக்கத் துணி கீழேயும் இருந்தன. கடையில் விற்கிற பெண்கள் சட்டையெல்லாம் அப்படித்தான்; அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் யுகாதாத் துணியில் அப்படி மடிப்பது பிணத்துக்கு மட்டும்தான். உயிரோடு இருப்பவர்களுக்கு இடம் மேலே, வலம் கீழே.

“போன் பண்டிகைக்கு வர்ற செத்தவங்க, நம்ம ஆளுதான்னு உங்களையும் கையோட கூட்டிட்டுப் போயிருவாங்க, கினுகோ சான்,” என்றாள் யசுயோ. சிரிக்கக் கூடாது என்று நினைத்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

கினுகோ வீட்டுக்கு வந்து கவுனைக் கழற்றி எறிந்தாள். பள்ளிச் சமையல்கூட மேலங்கியை மாட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். நாற்பது கோடையாக யோசிக்காமல் சரியாகச் சுற்றிய கை, ஒரு படத்தைப் பார்த்துத் தப்பாகத் தைத்திருக்கிறது. பட்டனை மாற்றலாம். கிழித்துத் தைத்த காஜாவை என்ன செய்வது? துணியும் மிச்சமில்லை.

ஷோஜி கவுனை எடுத்து மடிக்கப் பார்த்தார்.

“இதுல உள்பக்கம் எதும்மா?”

“கண்ணு தெரியலையா? அதோ...” என்றவள் நிறுத்தினாள்.

கழற்றி எறிந்ததில் கவுன் உள்வெளியாகப் புரண்டிருந்தது. அலையும் குருவியும் அந்தப் பக்கத்திலும் அதே நீலம். அந்தத் துணிக்குச் சாயம் ஊடுருவி இறங்கும். நல்ல பக்கம், கெட்ட பக்கம் கிடையாது. குருவிகளும் பாதி இப்படியும் பாதி அப்படியுமாகப் பறப்பதால், புரட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது. கவுனைப் புரட்டினால் வலப்பக்கம் இடப்பக்கமாகிவிடும். காஜா வைத்த பக்கம் இடதுக்கு வந்து, மேலே ஏறிக்கொள்ளும்.

“ஏங்க, அந்தத் தையல் பிரிக்கிற ஊசியக் குடுங்க.”

மறுநாள் காலை பட்டன்களைப் பிரித்து, இப்போது வெளியே வந்த பக்கத்தில் வைத்தாள். உள்ளே இருந்த இரட்டைத் தையல்கள் இப்போது வெளியே, வேண்டுமென்றே பின்னிவிட்ட கயிறு போல மெல்லிய வரிகளாக ஓடின. அது முன்னைவிட நன்றாகவே இருந்தது.

ஆட்டத்தன்று கழுத்திலிருந்து கடைசிப் பட்டன் வரை தன் கையாலேயே போட்டுக்கொண்டு திடலுக்குப் போனாள். யசுயோ மார்பைப் பார்த்தாள். இடம் மேலே. இந்தமுறை அருகில் வந்து, விளிம்பைப் புரட்டி உள்ளே பார்த்தாள். அங்கேயும் அலை, அங்கேயும் குருவி.

“திருப்பிட்டீங்களா?”

“செத்தவங்க கூட்டிட்டுப் போக வந்தாங்க. திரும்பி வந்துட்டேன்.”

யசுயோ விளிம்பை விட்டாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள். “உள்ள வாங்க. பாட்டு ஆரம்பிக்குது.”

முரசு அதிர்ந்தது. கினுகோவின் கை நெற்றி வரை எழுந்து, அலைபோல் இறங்கியது. மூன்றாவது பாட்டில் அவளுக்கு முன்னால் ஆடிய யசுயோவின் இடைக்கச்சை நழுவியது. புதுப்பட்டு, வழுக்கல் முடிச்சு. யசுயோ இரு கையாலும் முதுகில் துழாவினாள். வியர்வையில் பிடி கிடைக்கவில்லை.

கினுகோ நெருங்கினாள். தன் முதுகுக்குப் போகாத கைக்கு, முன்னால் நிற்பவளின் முதுகு எட்டியது.

“சும்மா நில்லுங்க. பொம்மை மாதிரி.”

“நான் குழந்தையும் இல்ல, பொணமும் இல்ல,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் யசுயோ. ஆனால் நின்றாள்.

“தெரியும். அதான் இறுக்கிக் கட்டுறேன்.”

முடிச்சு விழுந்ததும் யசுயோ மூச்சைப் பிடித்தாள். பின்னால் வட்டம் தேங்கி நின்றது. கினுகோ அவளைத் தாண்டி ஓர் அடி முன்னால் வைத்துக் கை தூக்கினாள். வட்டம் அவளுக்குப் பின்னால் நகர்ந்தது.