போலீஸ் கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட்

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துக் கறுப்பினத் திருநங்கைகளுக்காக வெல்டோரா பிக்கென்ஸ் இருபது வருடமாக ஒரு வாரப் பத்திரிகை நடத்துகிறாள். மழை பெய்கிறது என்று போலீஸ் சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் அச்சிடுவாள்.

போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் ஜெரிக்கா என்ற திருநங்கையை யாரோ அடித்துப் போட்டார்கள். அவள் போலீசிடம் வாக்குமூலம் கொடுப்பதா வேண்டாமா என்று பேசத் தோழிகள் கூடியிருந்த இடத்துக்கே, ஓர் இளம் போலீஸ் அதிகாரி கிண்ணம் நிறைய உருளைக்கிழங்கு சாலட்டோடு வந்தான். யார் கை செய்தது என்று தெரியாமல் ஒருத்தியும் அதைத் தொடவில்லை.

"யார் செஞ்சது?" என்றாள் வெல்டோரா.

"எங்கம்மாங்க, மேடம்."

"மேடமா! முன்னாடி வந்தவரு என்னை 'டேய்'னாரு. சரி தம்பி, புகார்ல இவ பேரை எப்படி எழுதியிருக்கீங்க? காட்டு."

காட்டினான். ஜெரிக்கா என்றே இருந்தது. பிறந்தபோது வைத்த ஆண் பெயர்தான் இருக்கும் என்று நம்பிக் காரசாரமான தலையங்கம் எழுதி வைத்திருந்த வெல்டோராவுக்குப் பெருத்த ஏமாற்றம். சந்தேகமும் இரட்டிப்பாயிற்று.

"அப்ப சொல்லட்டுமா அக்கா?" என்றாள் ஜெரிக்கா.

"சொல்லுடி. நானும் பக்கத்துல உக்காந்து எழுதிக்கறேன். தம்பி எழுதறதும் நான் எழுதறதும் ஒண்ணா இருந்தாத்தான் நீ கையெழுத்துப் போடணும்."